மான் மேய்ந்த மல்லிகை

"அரே, வளைகாப்பு வீட்டுல ஒரு முழம் பூ இல்லையாம்! கேட்டியா இந்தக் கூத்தை?"

ருக்கு, சந்திரமதியின் காதருகே குனிந்து ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் ருக்குவின் ரகசியம் மாயாபந்தர் ஜெட்டி வரைக்கும் கேட்கும்.

"நேத்து ராத்திரி மான் வந்து அரும்பையெல்லாம் மேஞ்சிடுச்சாம். பொன்னம்மாக்கா சொல்றாங்க. வேலியோரம் போய்ச் செடியைப் பார்த்துட்டுத்தான் வரேன். ஒரு இலைகூடக் கடிபடல. அரும்பை மட்டும் பொறுக்கித் தின்ன அது மானா, மகாராணியா?"

அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே ஒரே மல்லிகைச் செடி, வளைகாப்பு வீட்டுக்காரி பொன்னம்மாவுடையதுதான். மெட்ராசிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பதியன்.

சந்திரமதிக்குக் காலையிலிருந்து படபடத்துக்கொண்டிருந்த நெஞ்சு இப்போதுதான் அடங்கியது. பூ இல்லை! அந்த மான் நன்றாக இருக்கட்டும்.

முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆறு மாதம் மெட்ராஸ் ஆஸ்பத்திரி. கேன்சருக்குப் போட்ட ஊசி உயிரைக் கொடுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியை எடுத்துக்கொண்டது. புருவத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை மையால் வரைந்துகொள்கிறாள்.

"முடிதானே சந்திரா, வளர்ந்துடும்" என்பார் கணவர் சொக்கலிங்கம். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடுவார். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், மேலே அந்தத் தலை. கண்ணாடியில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

ஊருக்குச் சொன்னது வயிற்றுக் கட்டி ஆபரேஷன் என்று. சுற்றிலும் முக்காடு போட்ட வங்காளிப் பெண்கள். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. "மெட்ராஸ் போய்ட்டு வந்து பெங்காலியாயிட்டியேடி!" என்று ருக்கு கேலி செய்ததோடு சரி.

ஆனால் வளைகாப்பில் முக்காடு நிற்குமா? வீட்டுக்காரி தலையைப் பிடித்து இழுத்துத் தன் கையாலேயே பூ வைப்பாள். சுமங்கலி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போகவே கூடாது என்றுதான் இருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை பொன்னம்மாவே குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். கதவைத் திறந்ததுதான் தாமதம், கடற்காற்று முக்காட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. சந்திரமதிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்துப் பொன்னம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "சூ... சூ..." என்று கோழி விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு ஜெயாவுக்கு நீதான் முதல் வளையல் போடணும். வரலேன்னா தூக்கிட்டுப் போவேன், ஆமா!"

தப்ப முடியவில்லை. வந்துவிட்டாள். மான் காப்பாற்றிவிட்டது.

சந்தனம் பூசினார்கள். சந்திரமதிதான் முதல் வளையல் போட்டாள். ஜெயலட்சுமியின் நீளப் பின்னலில் வெறும் குஞ்சலம் மட்டும் ஆடியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெத்த பொண்ணு தலைக்குக்கூட ஒரு கிள்ளு பூ இல்ல பாரு. என்ன மனசோ! நீயே சொல்லு சந்திரா" என்றாள் ருக்கு.

எல்லாரும் சந்திரமதியைப் பார்த்தார்கள். இப்படி நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று! மறுபடியும் அவர்களில் ஒருத்தியாகிவிட்ட சந்தோஷம் நாக்கை அவிழ்த்துவிட்டது.

"பொன்னம்மாக்கா கஞ்சூஸ், மகா கருமின்னு தெரிஞ்சதுதானே! அந்தச் செடியே அவங்களைக் கேட்டுட்டுத்தான் பூக்கும்!"

குபீரென்று சிரிப்பு. சந்திரமதியும் வாய்விட்டுச் சிரித்தாள். நிமிர்ந்தால், புளிசாதத் தூக்கோடு வாசற்படியில் பொன்னம்மா.

"யாருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கொல்லைப்புறம் போனாள் சந்திரமதி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அடியிலிருந்து கமகமவென்று வாசனை வந்தது.

கூடையைத் தூக்கினாள். ஈரத்துணிக்குள் பந்து பந்தாக மல்லிகைச் சரம். மேலே ஒரு பூச்சடை. அதில் ஜெயலட்சுமியின் நீளமான முடி ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. வைத்துப் பார்த்து அவிழ்த்த பூ.

"மூடி வை சந்திரா. ருக்கு பார்த்துடப் போறா."

பின்னால் பொன்னம்மா.

"அக்கா... இது..."

"விடியக்காலையிலேயே பறிச்சுக் கட்டி முடிச்சாச்சு. நீ முதல் ஆளா, ரெண்டு கையாலயும் முக்காட்டைப் பிடிச்சுக்கிட்டு வேலிப்படலைத் தாண்டி வரயில, ஜெயாதான் ஜன்னல்ல பார்த்தா. பூ இருந்தா உன் முக்காட்டை எடுக்க வேண்டி வரும்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. அதுக்குள்ள அவ தன் தலையில இருந்ததை உருவிட்டா."

"அப்படின்னா... அன்னைக்கு வாசல்ல... கோழி..."

"கோழியும் வரல, மானும் வரல. விடு."

சந்திரமதி கூடையை மூடி வைத்தாள். சற்றுமுன் சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. "நான் உங்களைப் போய்... எல்லார் முன்னாலயும்..."

பொன்னம்மா அவள் முக்காட்டை மெதுவாகச் சரிசெய்துவிட்டாள்.

"பிள்ளைக்குக் காது குத்தறதுக்குள்ள உனக்கு முடி வளர்ந்துடும்டி. அன்னைக்கு எல்லார் தலையிலயும் நானே பூ வைக்கிறேன். அது வரைக்கும் நான் கஞ்சூஸாவே இருந்துட்டுப் போறேன்!"