தேடலில் வந்த பெயர்

மனநல மையத்தின் மென்பொருளை எழுதியவள் இன்பவல்லி. ஒவ்வொரு ஆலோசகருக்கும் தம்மிடம் வருபவர்களின் பதிவுகள் மட்டுமே தெரியும்படி டேட்டாபேஸில் பூட்டுப் போட்டிருந்தாள். அந்தத் தைரியத்தில் தானும் அங்கேயே ஓர் ஆலோசகரிடம் போய்வந்தாள். ஆனால் புதிதாகச் சேர்த்த தேடல் ஃபங்ஷன், தேடுபவரின் பார்வை உரிமையில் ஓடாமல், அதை எழுதிய அவளுக்கிருந்த, எல்லாப் பதிவுகளையும் பார்க்கும் உரிமையில் ஓடியது. பூட்டு அதைத் தடுக்கவில்லை.

“எல்லார் பேரும் வருதும்மா” என்று இன்னோர் ஆலோசகரான ஜெசிந்தா போனில் சொன்னதும் அவள் கணினி முன் உட்கார்ந்தாள். தேடுபவரின் உரிமையிலேயே ஓடும்படி ஃபங்ஷனை மாற்றினாள்.

“இப்ப தேடுங்க மேடம்.”

“என்கிட்ட வர்றவங்க மட்டும்தான் இருக்காங்க.”

“முன்னாடி... என் பேரைப் பாத்தீங்களா?”

“பேரை மட்டும் பாத்தேன். உடனே மூடிட்டேன்.” பிறகு, “நல்லாருக்கியாம்மா?” என்றார் ஜெசிந்தா.

“நல்லாருக்கேன் மேடம்.”

சொன்ன பிறகுதான், அது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது.