மிச்ச இருபது பேர்

சுவிட்சர்லாந்தின் விண்டிஷ் மைதானத்தில் தலைக்கவசங்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. முன்பு ரோமப் படை பாளையமிறங்கிய இந்த நிலத்தில் இன்று அதன் நினைவாக விழா. ஒற்றைத் தோல் கூடாரத்தின் முன்னால் ரோம வீரர்களாக வேடமிட்டு எட்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்பவன் யதுசன். சனத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவன் தாய் ஜெயமலர், அவனுக்குக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாகக் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். ஒலிபெருக்கியில் ஜெர்மன் மொழியில் வரும் விளக்கத்தை மகள் வேணுகா தமிழில் சொல்கிறாள்.

“ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர், அம்மா. பத்துக் கூடாரம் சேர்ந்தா ஒரு அணி. அதுக்குப் பேர் நூற்றுவர்.”

“எண்பதெல்லோ வருது? மிச்ச இருபது பேர் எங்க?”

“ஒருத்தரும் எங்கையும் போகேல்லை. பேர்தான் நூறு, ஆக்கள் எண்பதுதான்.”

ஜெயமலருக்கு மனம் ஆறவில்லை. கட்டளை கேட்கிறது, எட்டுக் கேடயங்களும் ஒன்றாக நிலத்தில் இடிக்கின்றன. சனம் கைதட்டுகிறது. யதுசன் தாயைக் காணாதவன்போல் நேரே பார்க்கிறான். ஈழத்தில் இயக்கத்துக்குச் சண்டைக்குப் போன அவளுடைய தம்பியும், அவள் அவனைக் கடைசியாகக் கண்ட அன்று, வரிசையில் இப்படித்தான், அக்காவைக் காணாதவன்போல் நின்றான். மறுபடி கட்டளை. எட்டுப் பேரும் திரும்பிக் கூடாரத்துக்குப் பின்னால் நடந்து மறைகிறார்கள். ஜெயமலர் குனிந்து கயிற்றுக்கு அடியால் நுழைகிறாள்.

“அம்மா, இது விளையாட்டெல்லோ!”

“தெரியும் பிள்ளை. எட்டுப் பேரும் நிக்கினமோ எண்டு ஒருக்கா எண்ணிப்போட்டு வாறன்.”