பச்சைக் கர்சர்

கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி, செல்வினும் ரெஜினாவும் இணையம் வழியாக ஒரே திரையில் கட்டம் கட்டமாகப் படம் வரைவார்கள். அவள் இறந்து பதினோரு மாதமாகியும் அவளுடைய பச்சைக் கர்சர் வரைந்துகொண்டுதான் இருந்தது. அவள் கைப்பழக்கம் மென்பொருளுக்கு அத்துப்படி; அவளுக்குப் பதிலாக அதுவே வரைந்தது.

செல்வினுக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது அப்போது பிடிபட்டதே இல்லை. தப்பாக வைத்தால் அவள் அழித்துவிட்டு, "மண்டு, வெயில் எங்கேருந்து வருது?" என்று ஓரத்தில் எழுதுவாள். இப்போது பிடிபட்டும், கர்சர் எழுதும் அந்தத் திட்டுக்காகவே தினமும் தப்பாக வைத்தான்.

நான்கு நாட்களாகத் திட்டு வரவில்லை. ரெஜினாவின் தங்கை மெர்லின் வந்து மென்பொருளை நோண்டிப் பார்த்தாள்.

"கூட வரையறவங்களப் பாத்தும் இது கத்துக்கும் அத்தான். இத்தனை மாசமா உங்களை மட்டும்தானே பாத்துச்சு."

"அதனால?"

"இப்ப உங்க கைதான் அதுக்கு வருது."

"பழைய கைக்கே மாத்த முடியாதா?"

"அந்தக் கை மேலயேதான் புதுசை எழுதிட்டு வந்திருக்கு அத்தான். பழசு இல்ல."

அவள் போனபின் பச்சைக் கர்சர் ஒரு படகு வரைந்தது. நிழலை வெயில் பக்கமே வைத்தது. செல்வின் அதை அழித்து, சரியான பக்கம் வைத்தான். ஓரத்தில் எழுதினான்:

"மண்டு, வெயில் எங்கேருந்து வருது?"