நாலு ராண்ட்ஜன் எந்தெல்

"நாலு ராண்ட்ஜனுக்கெல்லாம் பதக்கமா? அப்படின்னா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டவனுக்கும் ஒண்ணு குத்தி விடலாமே" என்றார் எங்கள் சங்கத் தலைவர் ஹெல்டூர்.

மேசை மேல் எந்தெலின் ராணுவ அட்டை கிடந்தது. செர்னோபிலைச் சுத்தம் செய்யப் போன எங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் தினம் எத்தனை ராண்ட்ஜன் கதிர்வீச்சு ஏறியது என்று எழுதிவைத்த அட்டை. எந்தெலுக்கு மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம். மொத்தம் நாலு ராண்ட்ஜன்.

அன்றைய சோவியத் அரசுக்கு எஸ்டோனியாவிலிருந்து எங்களை அள்ளிக்கொண்டு போக ஒரே ராத்திரி போதுமாக இருந்தது. இன்றைய அரசுக்கு எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பதக்கம் ஒதுக்க முப்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கத்தான் கூடியிருந்தோம்.

எந்தெலுக்காகக் கேட்டு வந்தவள் அவன் மகள் வைகே. அவன் தார்த்து நகர ஆஸ்பத்திரியில் கிடந்தான். மே மாதத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உங்கப்பா எங்க பிரிவுல அளவெடுக்கிற ஆளும்மா. மீட்டர் பிடிச்சார், பேனா பிடிச்சார். மண்வெட்டி பிடிச்சு நான் பார்த்ததில்ல" என்றார் ஹெல்டூர். "நான் அணு உலைக் கூரைக்குப் போனவன். செப்டம்பர்லயே இருபத்தஞ்சு நிறைஞ்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இதோ பாரு."

சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு ஏப்ரலிலும், விபத்தின் நினைவு நாளில், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் காட்டிய அட்டை.

"சவுனாவுல நீராவிக் குளியலுக்குப் போறப்பவாவது அதை வெளியில வச்சுட்டுப் போவியாடா?" என்றான் கொய்ட், எங்கள் செயலாளர்.

வைகே சிரிக்கவில்லை. "இருபத்தஞ்சு நிறைஞ்சா வீட்டுக்கு அனுப்பணும்னு விதி இருந்துச்சு இல்லையா, மாமா?"

"இருந்துச்சு. அதனாலதான் கர்னல் எப்பவும் குறைச்சு எழுதச் சொல்வான். ஒருத்தனை அனுப்பினா இன்னொருத்தனைப் பிடிக்கணுமே" என்றார் ஹெல்டூர்.

"அப்பா சில பேருக்குக் கூட்டி எழுதினாராம். வீட்டுல கைக்குழந்தை இருந்தவங்களுக்கு. போன வாரம்தான் சொன்னார்."

கொய்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "என்னை ஆகஸ்ட்லயே அனுப்பிட்டாங்க. ரெட்டைப் பசங்க பொறந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஏதோ நம்ம அதிர்ஷ்டம்னு நினைச்சேன்."

"தினமும் மீட்டரோட முதல்ல உள்ளே போனவன் அவன்தானே. அப்புறம் அவனுக்கு மட்டும் எப்படி நாலு?" என்று நான் கேட்டேன்.

"அவருக்கு நிறைஞ்சா அவரையும் அனுப்பிடுவாங்க. அடுத்து வர்றவன் கர்னல் சொன்னபடி எழுதிடுவானேன்னு தனக்குக் குறைச்சுக்கிட்டாராம்."

"உனக்கு அப்ப என்ன வயசும்மா?" என்றேன்.

"ரெண்டு."

ஹெல்டூர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படுக்கையில கிடக்கிறவன் ஆயிரம் சொல்வான். இது சங்கம். ஆதாரம் வேணும்."

"ஆதாரம் எதுவும் இல்ல, மாமா. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது."

வைகே அப்பாவின் அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டாள்.

ஹெல்டூர் தன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் கடைசி வரியில் நின்றது. செப்டம்பர் 27. வேலை: கூரை. அளவு: ஒன்பது.

"வைகே, இப்படி வந்து உட்காரு."

அவள் உட்காரவில்லை. திரும்பி நின்றாள்.

"இந்த அட்டையில கூரைன்னு ஒரே ஒரு நாள்தான் இருக்கு" என்றார், தலை நிமிராமல். "அன்னிக்கு நான் எங்கயும் போகல. எனக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு தந்தி வந்துச்சு. அதைக் கையில வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் கூடாரத்துல படுத்து அழுதேன். தந்தியைக் கொண்டுவந்து குடுத்தது உங்கப்பாதாம்மா."