விஜயன் கணக்கு

“அண்ணை, விஜயன் உங்களிட்டை மாசம் மாசம் எவ்வளவு தாறவர்?”

தர்மிகாவின் பால் போத்தலை ஸ்கான் பண்ணிவிட்டு வைக்கப் போன பாலேந்திரா, கையை அப்படியே நிறுத்தினார்.

“ஏன் பிள்ளை திடீரெண்டு?”

“சும்மாதான். ரெண்டு வருசமா அவர் குடுக்கிற காசிலை சாமான் எடுக்கிறன். ஆருக்கு, எவ்வளவுக்கு நன்றி சொல்லுறதெண்டு தெரியவேணுமெல்லே.”

லண்டனின் மிச்சம் பகுதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது பாலேந்திராவின் பலசரக்குக் கடை. மகன் அபிஷனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தர்மிகா நேரே இங்கே வந்திருந்தாள்.

கணவன் விஜயன் அவளையும் பிள்ளையையும் விட்டுப் பிரிந்து போன மாதம், இதே மேசைக்கு முன்னால்தான் அவள் காசு போதாமல் பால்மாப் பெட்டியைத் திருப்பி வைத்தாள். அரசாங்கம் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப்பணம் மட்டும்தான் அவளுக்கு வருமானம். விஜயனிடம் பிள்ளைச் செலவுக்குக் கேட்கவும் பயம். அவன் காசு பாங்கில் விழுந்தால் அந்தளவை உதவிப்பணத்தில் வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அடுத்த கிழமை பாலேந்திராதான் அந்த ஏற்பாட்டைச் சொன்னார். விஜயன் கடையில் காசு கட்டுவான், அவள் சாமானாக எடுத்துக்கொள்ளலாம், பாங்குக்கே போகாது. “அவன் இன்னும் கோவமா இருக்கிறான், நீ போன் கீன் எடுக்காதை” என்றும் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைக்குச் சாப்பாடு குறையவில்லை. ஆனால் அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறை வீட்டுக்கு வரும்போதெல்லாம், பிடிபட்டுவிட்டேன் என்றே அவள் நினைப்பாள்.

“தொகை என்ன தொகை... ஒரு அறுபது பவுண் வரும்” என்றார் பாலேந்திரா.

“போன மாசம் எண்பது எண்டனீங்கள்?”

“சில மாசம் கூடும், சில மாசம் குறையும். ஷிப்ட் வேலைக்காரன்தானே.”

அரிசி மூட்டைகளுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நீலவேணி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“கேட்டால் ஒழுங்காச் சொல்லுங்கோவன். கடை வைச்சிருக்கிற மனிசன் கதைக்கிற கதையே உது?”

“நீர் உம்மட வேலையைப் பாரும்.”

தர்மிகா மேசையில் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.

“நேற்றுக் குரோய்டனிலை, இலவசமா ஆலோசனை சொல்லுற ஒரு இடத்துக்குப் போனனான் அண்ணை. தகப்பன் சாமானாத் தாறதை மறைச்சுப்போட்டன், என்னைப் பிடிப்பினமோ எண்டு கேட்டு அழுதிட்டன். அங்கை இருந்த மனிசி கண்ணைத் துடைக்கக் கடுதாசி எடுத்துத் தந்திட்டுச் சிரிக்குது.”

“அழுற பிள்ளையைப் பார்த்து என்ன சிரிப்பு?”

“பிள்ளைக்கெண்டு தகப்பன் குடுக்கிற காசை யூனிவர்சல் கிரெடிட்டிலை வருமானமா எடுக்கிறேல்லையாம். ஒரு பென்னியும் வெட்டமாட்டினமாம். சைல்ட் பெனிபிட்டும் அப்பிடியே வருமாம். ரெண்டு வருசம் சும்மா பயந்திருக்கிறன்.”

“அப்பிடியோ” என்றார் பாலேந்திரா. அவர் முகம் மலரவில்லை.

“இனி அவர் என்ர பாங்கிலேயே போடலாம். உங்களுக்கும் கரைச்சல் இல்லை.”

“எனக்கென்ன கரைச்சல்? பாங்கெண்டால் காசு வந்த வழியே போயிடும். சாமானெண்டால் பிள்ளையின்ர வயித்துக்குப் போகும். இது இப்பிடியே இருக்கட்டும்.”

“அவரிட்டை ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன் அண்ணை.”

“பாப்பம், பாப்பம். அவனைப் பிடிக்கிறதெண்டால் லேசில்லை.”

நீலவேணி இப்போது எழுந்தே வந்துவிட்டாள்.

“இஞ்சை, எவ்வளவு காலத்துக்கு உந்தக் கணக்கை இழுக்கப் போறியள்? இண்டைக்கே பிள்ளையிட்டைச் சொல்லிப்போடுங்கோ.”

பாலேந்திரா அவளை முறைத்தார். பிறகு, பால் போத்தலை இரண்டாவது தடவையாக ஸ்கான் பண்ணினார்.

“நீங்கள் அவரைத் தேடித் திரிய வேண்டாம் அண்ணை” என்றாள் தர்மிகா. “நேற்றுப் பின்னேரம் நானே விஜயனுக்குப் போன் எடுத்தனான்.”

பாலேந்திரா காசுப்பெட்டியைத் திறந்தார். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினார்.

“என்னவாம்?”

“முதல்லை ஏசினவர். நான் இந்தமுறை அழேல்லை. நீங்களாத் தராட்டில் அரசாங்கமே உங்கட சம்பளத்திலை கழிச்சு எனக்குத் தருமாம் எண்டன். பிறகு, வாற மாசத்திலையிருந்து நூற்றியிருபது போடுறன் எண்டார். அவற்ர வாயாலை அப்பிடிக் கேட்பன் எண்டு நான் நினைக்கவேயில்லை.”

“நல்ல விசயம் பிள்ளை. நல்ல விசயம்.” பாலேந்திரா நெற்றியைத் துடைத்தார். “வேறை ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?”

தர்மிகா அவரையே பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“கதைச்சனான். போனை வைக்க முதல், ரெண்டு வருசமாக் கடையிலை எங்களுக்குக் காசு கட்டினதுக்கு நன்றி எண்டு சொன்னன்.”

நீலவேணி கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

“அதுக்கு அவர், ‘எந்தக் கடை?’ எண்டு கேட்டார், அண்ணை.”