வள்ளப் புத்தகம்

"கையை எடு பிள்ளை."

நூலக அலுமாரிக்குள் தோள்மட்டும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த அசனா திரும்பிப் பார்த்தாள். ஆறு வயது. அழவுமில்லை, ஓடவுமில்லை.

"என்ன தேடுறாய்?" என்றாள் நல்லம்மா.

"வள்ளப் புத்தகம், மிஸ்."

"அது இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்? எல்லாரும் பாயில இருக்கினம். போய் இரு."

இது மூன்றாவது சனிக்கிழமை. நல்லம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கேட்டுச் சரிவராமல் இப்போது களவெடுக்கவும் துணிந்துவிட்டது இந்தப் பிள்ளை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன நூலகத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குக் கதை நேரம். எந்தப் படப் புத்தகத்தை வாசிப்பதென்று தெரிவு செய்வது நல்லம்மாவின் வேலை. அறுபத்து நாலு மார்கழிப் புயலுக்குப் பிறகு அது பெரும்பாடாகிவிட்டது. பாயில் வந்து இருக்கிற பிள்ளைகளில் நாலு பேரின் தகப்பன்மார் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அசனாவின் வாப்பா ஸஹாப்தீனும் அதில் ஒருவர். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

கடல், வள்ளம், காற்று, மீன் என்று படம் இருந்த புத்தகம் அத்தனையையும் நல்லம்மா அலுமாரிக்குள் ஒளித்தாள். மிஞ்சியது யானையும் முயலும்தான்.

"இண்டைக்கும் முயலோ மிஸ்?" என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள்.

சலிக்கட்டும். பிஞ்சு மனங்கள் நோகக்கூடாது. நல்லம்மா நல்ல மனுசி. அதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும் இல்லை.

அடுத்த கிழமையும் அசனா வந்து அதையே கேட்டாள். பியோன் இராசதுரைக்கே பொறுக்கவில்லை.

"குடுத்துப்போட்டு விடுங்கோவன் மிஸ்."

"உங்களுக்கென்ன விசரோ? நடுவில ஒரு படம் இருக்கு. தாடிக்காரன் ஒருத்தன் தொப்பியோட வள்ளத்தில எழும்பி நிக்கிறான். பின்னால பனை உயரத்துக்கு அலை. தகப்பனைக் கடலுக்குக் குடுத்த பிள்ளைக்கு அதைக் காட்டச் சொல்லுறீங்களோ?"

"ஏன் வேணுமெண்டு கேட்டுப் பாத்தனீங்களோ?"

"ஆறு வயசுப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

நல்லது செய்யப் புறப்பட்டவர்கள் எங்கே கேட்டுச் செய்கிறார்கள்? ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்கும் ஏலவில்லை. பிளேட் ஒன்றை எடுத்து அந்தத் தாளை மட்டும் தையலோடு ஒட்ட, தடம் தெரியாமல் வெட்டி எடுத்தாள். பிறகு புத்தகத்தைக் கொண்டுபோய் அசனாவின் மடியில் வைத்தாள்.

"இந்தா மகள். இப்ப சந்தோசமோ?"

அசனா அவசரமாகப் புரட்டினாள். கடைசிமட்டும் போனாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். மூன்றாம் தரம் ஒவ்வொரு தாளாக, எச்சில் தொட்டுப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிப் பாயில் வைத்துவிட்டு எழும்பி, செருப்பைக்கூட மறந்து வெளியே நடந்தாள்.

"பாத்தீங்களோ? குடுத்தாலும் குறைதான்," என்றாள் நல்லம்மா.

அடுத்த சனிக்கிழமை அசனா வரவில்லை. விட்டுப்போன செருப்பை எடுக்க அவளின் சாச்சி ஸுல்பிகா வந்தாள். முந்தானையால் தலையை மூடியபடி வாசலிலேயே நின்றாள்.

"அசனாட உம்மா, எங்கட ராத்தா, இத்தா இருக்கிறா மிஸ். மச்சான் மௌத்தான துக்கம் முடியுமட்டும் வெளிய வர ஏலாது. அதான் நான் வந்தனான்."

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"சாப்பிடுறாள் இல்ல மிஸ். புயலுக்கு முந்தி கதை நேரத்தில பாத்த புத்தகத்தில ஒரு படம் இருந்ததாம், இப்ப காணல்லையாம். தாடியும் தொப்பியுமா ஒரு ஆள் வள்ளத்தில நிக்கிற படமாம். அது அப்பிடியே வாப்பாதானாம்."

நல்லம்மா எடுத்து வந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"எங்கட வீட்டில போட்டோ பிடிக்கிற வழக்கமில்ல. மச்சானிட முகம் ஒரு கடதாசியிலயும் இல்ல. ராத்தா வயித்துப் பிள்ளையோட இருக்கிறா. பிறக்கப்போற பிள்ளைக்கு, உன்ர வாப்பா இவர்தான் எண்டு காட்ட வேணுமாம். அதுக்கு இரவல் கேக்கத்தான் இவ்வளவு நாளும் வந்தவளாம்." ஸுல்பிகாவின் குரல் இறங்கியது. "அந்தத் தாள் கழண்டு எங்கயாவது கிடந்தா, பாத்துத் தருவீங்களா மிஸ்?"

இராசதுரை அப்போதே மேசை லாச்சியை இழுத்துத் தேடத் தொடங்கிவிட்டார்.

ஒரு பிள்ளையின் கண்ணிலும் இனிப் படக்கூடாதென்று, அந்தத் தாளை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினி அடுப்பில் தன் கையாலேயே வைத்து எரித்திருந்தாள் நல்லம்மா.