தனிப் பீங்கான்

வெள்ளை விரிப்பின் நடுவே, ஐந்து பேர் ஒன்றாய்க் கைவைத்துச் சாப்பிடும் சஹனை றலியா வைக்கிறாள். நெய்ச்சோற்றின் ஆவியில் விளக்கொளி கலங்குகிறது. கணவர் ஸமீனுக்கென்று தனிப் பீங்கானொன்றை ஓரத்தில் வைக்கிறாள். சயரோகம் ஒட்டிக்கொள்ளும், தனியாகச் சாப்பிடட்டும் என்று டொக்டர் சொன்னது இன்று காலையில்தான். இருமலை லேஞ்சியில் அடக்கியபடி வரும் ஸமீன் பீங்கானை எடுத்து அவள் கையிலேயே திணிக்கிறார். "தனியத் திண்டா ஏனெண்டு கேப்பாங்க. மகள்ட கலியாணம் நிண்டு போகும்." லேஞ்சியின் மடிப்பில் சிவப்பு. அதற்குள் அம்பிட்டியவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுகிறார்கள். கைகழுவும் தண்ணீர் படிக்கத்தில் விழுந்து ஒலிக்கிறது. "நான் மாமாட பக்கத்துலயே இருக்கிறேன்" என்று மாப்பிள்ளை சிரித்தபடி ஸமீனை ஒட்டி அமர்கிறான். பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் றலியா பீங்கானோடு நின்று பார்க்கிறாள். ஸமீன் பிஸ்மி சொல்லி, நல்ல இறைச்சித் துண்டாய்ப் பார்த்துப் பிய்த்து, மாப்பிள்ளையின் பக்கம் தள்ளி வைக்கிறார்.